கற்பூரம் காட்டாத ஷம்ஷாத் அக்கா

இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது அரக்கோணத்திலிருந்து போன் வந்தது. ஷம்ஷாத் அக்கா போய்விட்டார். திருத்தணி மனநல கிளினிக்கில் வியாழன்தோறும் அவரோடு வட்டமாக உட்கார்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். சொல்லாமல் எப்படிப் போகலாம்?

என் கோபம் உங்களுக்குத் தெரியும். கணவர் அரை மணி தாமதமாக வந்தாலே, என்னை விட்டுப் போய்விட்டார் என்று தலைவிரித்துக் கத்துவேன். என்னையே காயப்படுத்திக்கொள்வேன். மாமியார் கற்பூரம் ஏற்றி, "சாமி வந்துகினு இருக்குது, குறி கேளுங்க" என்று தெருவையே கூட்டினார். மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று ஒருத்தி கேட்டாள். கண்டபடி திட்டினேன். நல்ல வாக்கு என்று திருநீறு வாங்கிக்கொண்டு போனாள் புண்ணியவதி! கடைசியில் கணவர் எங்கள் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு பொதட்டூர்பேட்டையில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். "நீ சரியாவு, கொழந்தைய தரேன்" என்றார்.

டாக்டர் இதற்கு பார்டர்லைன் பர்சனாலிட்டி என்று பெயர் சொல்லி, ஆலோசகரான அக்காவிடம் அனுப்பினார். அவர் கற்றுத்தந்தது மனதைக் கவனிக்கும் பயிற்சி. கண்ணை மூடி முருகா முருகா என்றால் போதும் என்று நினைத்திருந்தேன்.

"கோவத்த வெரட்டாத சரளா. அது ஒடம்புல எங்க இருக்குதுன்னு பாத்துகினே இரு. வேற எதுவும் பண்ணாத."

"பாத்தா பூடுமாக்கா?"

"பூடும். அது ஏறிப் போவறதுக்கும் பஸ் வரணும் இல்ல?"

ஒரு வியாழன் அவர் வரவில்லை. ரயிலேறி அரக்கோணம் போய், அவர் வீட்டு வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். போர்வையோடு வெளியே வந்தார்.

"ஆங், வா. இப்ப எங்க இருக்குது?"

"தொண்டையில."

"சூடாவா, இறுக்கமாவா?"

"ரெண்டும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, என் தொண்டை இளகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகுதான், "எனக்கு ஜுரம்மா. உன்ன வுட்டுட்டு எங்கியும் போவல" என்றார். வெட்கத்தில் செத்தேன். அந்த நாளை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

கோபத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழக ஒன்றரை வருடம் பிடித்தது. நடுவில் பலமுறை சறுக்கினேன். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவளுக்கு இப்போது பத்து வயது. "எங்கம்மாவுக்குக் கோவமே வராது டீச்சர்" என்று பள்ளியில் சொல்லிவைத்திருக்கிறாள். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்: தினமும் வந்து, பார்த்துக்கொண்டே இருந்தால் போய்விடும் கோபம், அதைப் பார்க்காமலே வளர்ந்த ஒரு மகள்.