மரத்துப்போன முட்டி

அவர் டைல்ஸ் மேஸ்திரி. ஒவ்வொரு டைல்ஸையும் பதித்ததும் கரண்டிப் பிடியால் மூலைக்கு மூலை தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் பிசகினால் பிடுங்கிவிட்டு மறுபடி பதிப்பார். டீக்கடை மேஜை ஆடினால்கூட காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைத்த பிறகுதான் டீ இறங்கும். வேலையிடத்தில் அவருக்குப் பேரே, மட்டம் பார்க்கும் கருவியின் பேரான ‘ரசமட்டம்’.

முப்பது வருஷம் மண்டிபோட்டுப் பிழைத்ததில் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. மூன்று வருஷத்துக்கு முன் வலது முட்டியை மாற்றினார்கள். வலிக்குக் கொடுத்த அபின் ஜாதி மாத்திரை, வலி போன பிறகும் ஐந்து மாதம் அவரை விடவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே தூங்கினார். மனைவி ஒளித்து வைத்த மாத்திரைக்காக அலமாரிப் பூட்டை உளியால் பெயர்த்தார். அந்த ஐந்து மாதத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

இடது முட்டியின் முறை வந்ததும் மனைவி டாக்டரிடம் நேராகவே சொன்னார்: “முட்டிய மாத்துங்க சார். மனுஷன மாத்திடாதீங்க.”

அதற்கு இப்போது ஒரு வழி இருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்பே ஊசி இறக்கி, வலியைச் சொல்லும் நரம்பைக் குளிரால் உறையவைத்தார். அது இரண்டு மூன்று மாதம் தூங்கும், அந்த மாத்திரை அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் தோல் மரத்திருக்கும், கீறல் ஆகக் கூடாது, புண் இருந்தால் கத்தி வைக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

இவர் அதை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு, மறுநாளே ஒரு குளியலறைக்கு டைல்ஸ் இடுக்குப் பூசப் போய்விட்டார். வலியில்லாமல் மண்டிபோட்டு எத்தனை வருஷம்! சுவரோரமாக முன்னே நகர்ந்துகொண்டே பாட்டுகூட முணுமுணுத்தார்.

பின்னால் வந்த பிளம்பர்தான் பார்த்தார். “அண்ணே, தரையப் பாருங்கண்ணே.”

வெள்ளைத் தரை நெடுகச் சிவப்புக் கோடு. யார் பெயின்டைக் கொட்டியது என்று திட்ட வாயெடுத்தவர் தன் முட்டியைப் பார்த்தார். விரல் நீளத்துக்கு டைல்ஸ் சில்லு குத்தி நின்றது. பிடுங்கினார். வலிக்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். “வேற எவனோ கால்லேர்ந்து எடுத்த மாதிரி இருந்துச்சு” என்று இன்றைக்கும் சொல்கிறார்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. புண் ஆறுவதற்குள் நரம்பு விழித்துக்கொண்டால் மறுபடி அந்த மாத்திரைதான் என்ற நினைப்பில், நாற்காலியை விட்டு இறங்காமல் கிடந்தார். மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

புண் ஆறி, ஐந்தாவது வாரம் முட்டியை மாற்றினார்கள். மறுநாளே முட்டியை மடக்கி நீட்டவைத்தார்கள். தினமும் வேலைக்குக் கூட்டிப்போன பழைய வலியைவிட அது பெரிதாக இல்லை. நர்ஸ் அந்த மாத்திரையை நீட்டினார்.

“தாங்கற வலிதான் சிஸ்டர். சாதா மாத்திரை போதும்.”

சொன்னது தான்தானா என்று அவருக்கே திகைப்பு. நர்ஸ் திரும்பிப் போனார். கட்டில் ஓரம் நின்ற மனைவி, அவருடைய மூடிய கையைப் பிடித்து விரல் விரலாகப் பிரித்தார். மாத்திரை எதுவும் இல்லை. பிறகு மற்றக் கையையும் பிரித்துப் பார்த்தார்.