நாலாவது சேனலில் ஆறு

நிலையத்தில் எல்லோரும் அவரைத் 'தூக்கம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றால் அவருடைய இமைகள் பாதி இறங்கிவிடும். பார்க்கிறவர்களுக்கு ஆள் நின்றபடியே உறங்குகிறார் என்று தோன்றும். அவருடைய மச்சினன் அதே நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தான். "உங்க அக்கா வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே கனவு காண்றாருடா" என்று அங்கிருப்பவர்கள் அவனைச் சீண்டுவார்கள். "கனவு கண்டாலும் ஃபோகஸ் தப்பாம காண்றாரு இல்ல?" என்பான் அவன்.

அது பொதுமக்களுக்கான தொலைக்காட்சி நிலையம். விளம்பரம் கிடையாது, ஆரவாரம் கிடையாது. செய்தி, பாடம், வானிலை, பழைய கச்சேரிகள் எல்லாம் ஒரே சேனலுக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. பிறகு டிஜிட்டல் வந்தது. ஒரு சேனல் போய்க்கொண்டிருந்த அதே பாதையில் இனி நான்கு சேனல்கள் போகலாம் என்றார்கள். ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தியவர்களுக்குத் திடீரென்று நான்கு அறை வீடு கிடைத்தாற்போல நிலையமே திக்குமுக்காடிப் போயிற்று.

நிலையத்தின் தலைவி கூட்டம் போட்டார். முதல் சேனல் வழக்கம் போல. இரண்டாவது பிள்ளைகளுக்கு. மூன்றாவதில் நகரசபைக் கூட்டங்களை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே காட்டுவது. நாலாவதுக்கு வந்தபோது ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பழைய தொடர்களை மறுபடி போடலாம் என்றார் ஒருவர். சமையல் என்றார் இன்னொருவர். விளையாட்டு, தோட்டக்கலை, பேச்சுப்போட்டி. பேசிப் பேசித் தேநீர்தான் தீர்ந்தது.

"சும்மா விட்டா அரசாங்கம் சேனலைத் திரும்ப வாங்கிடும். முடிவு பண்ற வரைக்கும் எதையாவது ஓட்டுங்க" என்றார் தலைவி. அவர் பார்வை தூக்கத்தின் மேல் விழுந்தது. "நீங்க ஒரு கேமராவை எங்கேயாவது வையுங்க."

எங்கேயாவது என்றால் அவருக்கு ஒரே ஒரு இடம்தான் தோன்றியது. நகரத்துக்குள் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு படகுத்துறை உண்டு. மதிய உணவு இடைவேளையில் அவர் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அங்கேதான். துறையின் சீட்டு விற்கும் அறைக்கு மேலே, கூரை விளிம்பில், கேமராவைப் பொருத்தினார். கீழே ஒரு பெஞ்சு, கைப்பிடிக் கம்பி, அதற்கப்பால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் சாம்பல் நிறக் கிடங்குகள், அதற்கும் மேலே நிறைய வானம். படச் சட்டத்தில் முக்கால்வாசியை வானத்துக்கே கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"மாமா, நாலாவதுல ஆறு போகுது" என்று மச்சினன் தொலைபேசியில் சொன்னான்.

"நாலுல ஆறு எப்படிடா போகும்? கணக்கு வாத்தியார் கேட்டா அடிப்பாரு."

இருவரும் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது என்றுதான் நினைத்தார்கள்.

ஆனால் ஆறு போய்க்கொண்டே இருந்தது. காலையில் வெள்ளித் தகடாக, மதியம் பச்சையாக, மழைக்கு முன் ஈயமாக. படகு வரும், கயிறு விழும், ஆட்கள் இறங்குவார்கள், படகு போகும், அது கீறிய கோடு மெல்ல விரிந்து கரையில் மோதி அழியும். பல்மருத்துவர் ஒருவர் தன் காத்திருப்பு அறையில் அதைப் போட்டுவிட்டார். பெயரைச் சொல்லி அழைத்தாலும் நோயாளிகள் எழுந்திருப்பதில்லையாம். தையற்கடைக்காரர் ஒருவர், ஊசி கோக்கும்போது கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்றார். தூக்கத்தின் மனைவி வீட்டில் பட்டாணி உரிக்கும்போதெல்லாம் நாலாவதைத்தான் போட்டாள். "பதினஞ்சு நிமிஷம் நான் வாயே திறக்கலைங்க" என்று ஒருநாள் அவளே வியந்து சொன்னாள். அது அந்த வீட்டில் நடந்திராத அதிசயம்.

படம் மட்டும் போதாது, தண்ணீர்ச் சத்தமும் வேண்டும் என்று நேயர்கள் கேட்டார்கள். தூக்கம் கைப்பிடிக் கம்பியின் அடியில் ஒரு சின்ன மைக்கைக் கட்டினார். அதன் வழியாகத்தான் ஒரு குடைக்காரி ஊருக்குள் வந்தாள்.

மதியம் தாண்டினால் ஒரு பெண் பெஞ்சில் வந்து உட்காருவாள். நாற்பது வயது இருக்கும். வெயிலோ மழையோ இல்லாத நாளிலும் ஒரு நீலக் குடையை விரித்துக் கொள்வாள். பிறகு ஆற்றைப் பார்த்துப் பேசுவாள். கூரை மேலிருந்து பார்த்தால் நீல வட்டமும் இரண்டு முழங்கால்களும்தான் தெரியும். ஆனால் குரல் வந்தது.

"இன்னிக்கு பஸ்ஸுல ஒரு ஆளு என் கால்மேல நின்னுக்கிட்டு, 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க'ன்னு என்னையே சொல்றான். தக்காளி வாங்கினேன், பாதி அழுகல். மேனேஜர் புதுச் சட்டை போட்டிருந்தாரு, விலைச் சீட்டைக் கிழிக்காம. நான் சொல்லல."

அவ்வளவுதான். அலுவலகம், அடுத்த வீட்டு நாய், கழன்ற பொத்தான். அலைச் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் மிதந்து மிதந்து வந்தது. ஊரே காது கொடுத்தது. சும்மா இருந்த வாய்களுக்கு அவல் கிடைத்தது. கணவன் கடலில் போனவன் என்றார்கள். மேடை நடிகை, வசனம் மனப்பாடம் செய்கிறாள் என்றார்கள். பல்மருத்துவமனையில் ஒரு கிழவர், மேனேஜர் சீட்டைக் கிழித்தாரா இல்லையா என்று தெரியாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாராம்.

தூக்கத்துக்கும் அந்தக் குரல் பிடித்திருந்தது. இமையை இறக்கிக்கொண்டு கேட்பார். அப்போது உலகம் ஒரு பெரிய படகு மாதிரியும், யாரோ அதை அவசரமில்லாமல் செலுத்துவது மாதிரியும் இருக்கும். அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் அவளே நிலையத்துக்கு வந்தாள். வரவேற்பறையில் நீலக் குடையைக் கண்டதும் அங்கிருந்தவர்கள் சொந்தக்காரி வந்தாற்போல எழுந்து நின்றார்கள். அவள் முகம் சிவந்திருந்தது.

"யா... யாரு அந்த கே... கேமரா வச்சது?"

தூக்கம் முன்னால் போனார். "நான்தாங்க."

அவள் பேச முயன்றாள். வார்த்தை தொண்டையில் சிக்கி, உதட்டில் சிக்கி, பல்லில் சிக்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். யாரோ ஒருவர் அவள் சொல்ல வந்ததை முடித்துக் கொடுக்கப் பார்த்தார். தூக்கம் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அறையில் இருந்தவர்கள் அனைவரும் காத்திருந்தார்கள்.

"எனக்கு ம... மனுஷங்க முன்னாடி பேச்சு வராது. ஆ... ஆத்துக்கிட்ட மட்டும்தான் வரும். இன்னிக்கு ஆபீஸ்ல எல்லாரும் என்னைப் பார்த்துச் சி... சிரிச்சாங்க. மேனேஜர் ச... சட்டைக் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கிட்டாரு." அவள் மூச்சு வாங்கினாள். "நான் ஆ... ஆத்துக்கிட்ட சொன்னேன். ஊ... ஊருகிட்ட சொல்லல."

தூக்கத்தின் இமைகள் முழுதாகத் திறந்தன. அவருடைய கண்கள் அவ்வளவு பெரியவை என்று மச்சினனுக்கே அன்றுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க, இப்பவே எடுத்துடலாம்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பேரும் துறைக்கு நடந்தார்கள். அவர் குனிந்து மைக்கின் கட்டை அவிழ்த்தார். அவள் அவர் உள்ளங்கையில் இருந்த அதைக் குனிந்து பார்த்தாள்.

"இ... இவ்வளவு சின்னதா?" என்றாள்.

மறுநாள் கேமராவும் இடம் மாறியது. பெஞ்சும் கம்பியும் சட்டத்தை விட்டுப் போயின. தண்ணீரும் படகின் முதுகும் மேகமும் மட்டும் மிஞ்சின. மைக்கைத் துறைத் தூணின் அடியில், ஆள் குரல் எட்டாத இடத்தில், அலை வந்து மோதும் பொந்துக்குள் வைத்தார். துறையின் வாசலில், 'மேலே கேமரா இருக்கிறது, தண்ணீரைப் பார்க்கிறது' என்று ஒரு பலகையும் வைத்தார்.

ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குடைக்காரி எங்கே, குரல் எங்கே என்று தொலைபேசி ஓயாமல் அடித்தது. தலைவி மறுபடி கூட்டம் போட்டார். அவர் கண்களில் புது வெளிச்சம் இருந்தது.

"அந்தம்மாவையே கூப்பிட்டு உட்கார வச்சா என்ன? நாலாவது சேனல் முழுக்க அவங்கதான். திக்குவாயை ஜெயிச்ச குரல்! ஊரே பார்க்கும்."

"அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்க மேடம்" என்றார் தூக்கம்.

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன். பஸ் ஸ்டாப்புல பார்த்தப்ப கேட்டேன். 'வேணாம்'னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தை மட்டும் திக்கவே இல்லை."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. தலைவியும் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "நம்ம கிட்ட நாலு சேனல் இருக்கு. மூணுல மனுஷங்க பேசட்டும். ஒண்ணுல யாரும் பேசாம இருந்தா என்ன?" என்றார். சமையல் நிகழ்ச்சி கேட்ட வாய் ஓயாதவரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

அப்படித்தான் அது நிலைத்தது. பிள்ளைகள் சேனல் மூன்று முறை பெயர் மாறியது. நகரசபையின் மூன்றாவது சேனலில், தாங்கள் படத்தில் வருகிறோம் என்று தெரிந்தபின் உறுப்பினர்கள் தலைவாரிக்கொண்டு வந்தார்கள். கொட்டாவியையும் குறைத்துக் கொண்டார்கள். நாலாவதில் ஆறு போயிற்று. குடைக்காரியை எதிர்பார்த்து வந்தவர்கள் சிலர் விலகினார்கள். பலர் தங்கினார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தங்களுக்குள் என்னென்னவோ பேசிக்கொண்டார்கள் போல; அது யாருக்கும் கேட்கவில்லை.

அவள் பெஞ்சுக்குத் திரும்பி வர ஒரு பருவம் ஆயிற்று. மதியங்களில் தூக்கம் அவளைத் தூரத்திலிருந்து பார்ப்பார். அவள் உதடு அசைவது தெரிந்தால் ரொட்டிப் பொட்டலத்தோடு துறையின் மறுகோடிக்குப் போய்விடுவார். ஒரு தடவை அவள் அவரைக் கைகாட்டி அழைத்தாள்.

"எங்க வீ... வீட்லயும் நாலாவதுதான்" என்றாள். "மழை வரும்போது நல்லா இருக்கு."

"எனக்கும் மழைதாங்க பிடிக்கும்."

அவர் ரொட்டிப் பொட்டலத்தோடு மறுகோடிக்கு நடந்தார்.

குளிர்காலத்தில் ஒரு முற்பகல் மூடுபனி இறங்கியது. முதலில் கிடங்குகள் போயின, பிறகு வானம், பிறகு தண்ணீர். திரை வெறும் வெள்ளையாகிவிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து மச்சினன் பதறிக்கொண்டு கூப்பிட்டான்.

"மாமா, படம் போயிடுச்சு! நிறுத்தி வேற ஏதாவது போடவா?"

தூக்கத்துக்கு அன்று விடுப்பு. வீட்டில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"படம் போகலைடா. பனி. அப்படியே விடு."

அவர் மனைவி பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஒலியைக் கூட்டினாள். அந்த வெள்ளைக்குள் எங்கோ ஒரு படகு மெல்ல ஊதியது. கொஞ்ச நேரம் கழித்து, அதைவிட அருகில், இன்னொன்று பதில் சொன்னது.