ரெண்டாம் பாகம் வராத மாதம்

பேச்சியம்மாள் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் உட்கார்ந்து செய்த கொலைகளுக்கெல்லாம் பாராட்டு வாங்கியது அவள் புருஷன் சௌந்தரராஜன். பாவம், அந்த மனுஷன் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். கம்பெனியில் லேத் மெஷின் முன்னால் நின்று இரும்பைக் கடைந்துவிட்டு, பசியோடு கேன்டீனுக்கு வந்தால், "என்ன சார், இந்த மாசம் அந்த டாக்டரைக் கொன்னது யாரு? எங்ககிட்ட மட்டும் சொல்லிடுங்க" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். அவர் தலை நிமிராமல் சாம்பாரைப் பிசைவார். அவருக்கு எங்கே தெரியும்? மனைவி எழுதியதில் ஒரு பக்கம்கூட அவர் படித்ததில்லை.

சென்னையில் மாத நாவல் போடும் கமலக்கண்ணன் செய்த ஏற்பாடு அது. பெண்பிள்ளை செய்த கொலையை எவனும் காசு கொடுத்து வாங்க மாட்டான் என்பது அவர் கட்சி. அதனால் மர்ம நாவல்கள் சௌந்தரராஜன் பெயரில் வந்தன. காதல் நாவல்களுக்கு ஸ்வாதி சௌந்தர். பேச்சியம்மாள் என்ற பெயரைப் பார்த்தால் யாருக்கய்யா காதல் வரும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். பேச்சியம்மாள் இதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. "பேரு எதுவா இருந்தா என்ன, மாசம் தவறாம அச்சுல வருதுல்லா" என்பாள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் இடது பக்க வீட்டில் தெலுங்கு, வலது பக்க வீட்டில் கன்னடம், நடுவில் இவள். பேச ஆளில்லாமல் வாய் துருப்பிடித்துவிடும் போலிருந்தது. சௌந்தரராஜன் பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து மாத நாவல்களாக வாங்கிவந்து போட்டார். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் கொலைகாரன் யாரென்று இவளுக்குத் தெரிந்துவிடும். மீதியைப் படிக்கும்போது எரிச்சலாக வரும். இதைவிட நான் நன்றாக எழுதுவேன் என்று ஒருநாள் எரிச்சலில் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் எழுதியும்விட்டாள். 2001-இல் முதல் நாவல் வந்தது. அதற்கப்புறம் மாதம் ஒன்று, சில மாதம் ரெண்டு. ஐந்து வருஷத்தில் அந்த ஒற்றை அறை வீட்டுப் பரணில் பாத்திரம் வைக்க இடமில்லாமல் போனது.

எழுதுவதற்கு அவளுக்கு நல்ல நேரம், கெட்ட நேரம் கிடையாது. கம்பெனி ஷிப்ட்தான் கணக்கு. சௌந்தரராஜனுக்கு நைட் ஷிப்ட் என்றால் அந்த வாரம் முழுக்கப் பகலில் அவர் தூங்கியாக வேண்டும். ஜன்னலை அடைத்து, குக்கரைத் தொடாமல், தாழ்ப்பாளைக்கூட மெதுவாக இழுத்து, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும் அந்த இருட்டு வீட்டில் கொலைகள் கடகடவென்று விழும். காலை ஷிப்ட் வாரத்தில் கதவு திறந்திருக்கும், குழாயடியில் பெண்கள் பேச்சு கேட்கும், அப்போது காதல். இது புரியாமல் கமலக்கண்ணன் தப்பான வாரத்தில் போன் செய்து மர்மம் கேட்டால், "அவுக இப்பம் காலை ஷிப்ட் சார். அடுத்த வாரம் தாரேன்" என்பாள்.

கதைக்கு அவள் எங்கேயும் போனதில்லை. லைன் வீட்டுப் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டே கொட்டுவதுதான் எல்லாம். ஆனால் அவளுக்கென்று ஒரு நேர்மை இருந்தது. யார் கதையை எடுத்தாலும் பெயர், ஊர், வேலை, சேலையின் நிறம் வரைக்கும் மாற்றிவிடுவாள். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

கடைசி வீட்டில் நாலு பெண்கள் சேர்ந்து தங்கி, வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் சரிதா என்பவள் கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் நாகரசம்பட்டி. மாந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். கம்பெனி பஸ்ஸில் பழக்கமான முத்துக்குமார் என்ற பையனைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் பேச்சியம்மாளின் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். பேச்சோடு பேச்சாக ஒருநாள், "எங்கூட்டுக் கெணத்தாண்ட ஒரு மாமரம் இருக்குதுக்கா. அது பழத்தை விக்க மாட்டோம். வூட்டு மருமகனுக்கு மட்டுந்தான் குடுப்போம். ரெண்டு எடுத்தாந்து அவருக்குக் குடுத்துட்டேன்" என்றாள். பேச்சியம்மாளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

2006-இல் அந்தக் காதலை எழுதினாள். இந்தத் தடவை புது முயற்சி: முதல் பாகம் காதல், ரெண்டாம் பாகம் மர்மம். சரிதா மதுமிதா ஆனாள். ஓசூர் திருப்பூராகவும், ஒயர் கம்பெனி பனியன் கம்பெனியாகவும் ஆயின. கிணற்றடிப் பழத்தை மட்டும் அப்படியே விட்டாள். மாம்பழம் விளைகிற ஜில்லாவில் வீட்டுக்கு வீடு இருக்கிற வழக்கம்தானே என்று நினைத்தாள். கருவேலங்காட்டையும் வாழைத்தோட்டத்தையும் பார்த்து வளர்ந்தவளுக்கு மாந்தோப்பைப் பற்றி என்ன தெரியும்?

முதல் பாகம் வந்த இரண்டாவது வாரம் சரிதாவைக் காணவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து போன் வந்து போனவள் திரும்பவில்லை; அவள் செல்போனும் அணைந்து கிடந்தது. கூடத் தங்கியிருந்த பெண்தான் ஊருக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னாள். "அப்பா நல்லாத்தான் இருக்காரு. அவங்கம்மா உங்க புக்கைப் படிச்சுட்டாங்கக்கா. அந்தப் பழ வழக்கம் அவங்க ஒரே வூட்லதானாம்."

நம்பிப் பேசிய பெண்ணை இப்படி மாட்டிவிட்டோமே என்று பேச்சியம்மாளுக்கு இருந்தது. போதாக்குறைக்கு அன்றைக்கே கமலக்கண்ணன் போன் செய்தார். முதல் பாகம் பறக்கிறது என்றார். ரெண்டாம் பாகத்தில் பையன் ஏமாற்றுக்காரன் என்று தெரியவேண்டும், ஏற்கெனவே ஒருத்தியைக் கொன்றவன் என்றால் இன்னும் விசேஷம் என்றார். நைட் ஷிப்ட் வாரம்தான், வீடும் இருட்டாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு வரி ஓடவில்லை. அந்தத் தாய் இதையும் படிப்பாளே என்ற நினைப்பு பேனாவைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் கிருஷ்ணகிரி போய் டவுன் பஸ் மாறி நாகரசம்பட்டியில் இறங்கினாள். சரிதாவின் அம்மா சரோஜம்மாள் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். யாரென்று சொன்னதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் ஸ்வாதி சௌந்தரா? உங்குளுது புக்கு ஒண்ணு விடாம படிச்சிருவேன். உள்ள வாங்க."

திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்கு மோர் கிடைத்தது. உள்ளறைக் கதவோரம் சரிதா நின்றாள். முகம் வீங்கியிருந்தது. பேச்சியம்மாளை அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"இவங்கப்பாவுக்கு இன்னும் தெரியாது" என்று சரோஜம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "தெரிஞ்சா அடுத்த முகூர்த்தத்துல எவனுக்காவது கட்டிக் குடுத்துருவாரு. நாந்தான் ரெண்டாம் பாகம் வரட்டும்னு பொறுத்துக்கிட்டு கெடக்கேன்."

பேச்சியம்மாள் மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "ரெண்டாம் பாகத்துல என்னம்மா இருக்கு?"

"பழம் குடுத்தது நெசம். இவளே ஒத்துக்கினா. அப்ப மிச்சமும் நெசமாத்தான இருக்கும்? நீங்களே நேர்ல வந்துட்டீங்க. சொல்லுங்க, அந்தப் பையன் நல்லவனா?"

தங்கமான பையன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சரிதா இப்போதுதான் தலையைத் தூக்கினாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் கண்கள் கெஞ்சின. கதையில் முப்பது நாற்பது பெண்களுக்குக் கணவன் தேடிக் கொடுத்தவள் பேச்சியம்மாள். நல்லவனை முதல் பக்கத்திலேயே அவளுக்குத் தெரியும், கெட்டவனையும் தெரியும். ஆனால் முத்துக்குமாரை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. அது அவளுக்கே அந்த நேரத்தில்தான் உறைத்தது. பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "இவ சொன்னது கொஞ்சம். மிச்சம் பூராவும் நானா இட்டுக்கட்டுனது. அந்தப் பையனை நான் பாத்ததுகூட இல்ல. நல்லவன்னு சொல்லவும் எனக்கு வாய் வரலை, கெட்டவன்னு சொல்லவும் வரலை."

"அக்கா" என்றாள் சரிதா. அழுகையும் கோபமுமாக வந்தது அது.

சரோஜம்மாள் வாசலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். புளித் தட்டை இழுத்து, கோது நீக்கி, திரும்பத் தள்ளி வைத்தாள். "பாக்காமயேவா இவ்ளோ எழுதுன?" என்று கேட்டாள். மரியாதை கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஆமாம்மா."

"அப்ப நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை அந்தப் பையனை உன் வூட்டுக்கு வரச்சொல்லு."

அந்த மாதம் ரெண்டாம் பாகம் வரவில்லை. கமலக்கண்ணன் கத்தித் தீர்த்தார். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, எழுதவில்லை சார் என்று பேச்சியம்மாள் அமைதியாகச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சரோஜம்மாள் மகளையும் கூட்டிக்கொண்டு மூக்கண்டப்பள்ளிக்கு வந்துவிட்டாள். முத்துக்குமார் இஸ்திரி போட்ட சட்டையும் வியர்வையுமாக வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். ஊர் எது, ஆளுங்க யாரு, வீட்டில் யார் யார், குடிப் பழக்கம் உண்டா, கோபம் வந்தால் என்ன செய்வான் என்று சரோஜம்மாள் ஒன்றையும் விடவில்லை. அவன் ராமநாதபுரத்துப் பேச்சில் திக்கித் திக்கிப் பதில் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். வீட்டில் கடன் இருப்பதை அவனாகவே சொன்னான். ஒரு வசனம்கூடப் புத்தகத்தில் போடுகிற மாதிரி இல்லை. பேச்சியம்மாள் அடுப்படியில் நின்று காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அவள் எழுதிய எந்தக் கதையிலும் முடிவு தெரியாமல் இப்படித் தவித்ததில்லை.

அவன் போன பிறகு சரோஜம்மாள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "இவங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்று மகளிடம் சொன்னாள். பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பேச்சியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"நீ எழுதுன அளவுக்கு உசரம் இல்லம்மா" என்றாள். "பரவால்ல."