என் சத்தம்தான் பெரிது

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆனி மாதம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கும் வேலை பார்த்தேன். அங்கே ஒரு திருநங்கை புதிதாக வந்தாள். என்னைவிடச் சின்னவள். நல்ல கைவேகம்.

நாலே நாளில் பேச்சு கிளம்பிவிட்டது. மத்தியானச் சோற்றோடு போனில் திருநங்கைகளைப் பற்றிய சண்டைப் பேச்சு வீடியோ பார்ப்போம். அதில் கத்துவதையே நாங்களும் கத்தினோம். அவளோடு ஒரே கக்கூஸுக்குப் போக முடியாது என்றார்கள். என் சத்தம்தான் பெரிது. "இதுக நம்ம பிள்ளைகளையும் கெடுத்துரும்" என்றேன்.

"ஏட்டி, ஒம் மடியிலயா வந்து உக்காந்தா? இந்தக் குதி குதிக்க" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்.

ஒரு மாதம் முன்புதான் என் பதினேழு வயதுப் பிள்ளை, "எம்மா, நான் பையன் இல்ல" என்று சொல்லியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு அடித்தேன். வெளியே யாருக்கும் தெரியாது.

கணக்குப்பிள்ளை வந்தார். "நாளைக்கு எல்லாரையும் கேக்கேன். வேண்டாம்னா அவளை நிப்பாட்டிருதேன்" என்றார்.

குச்சியைப் பெட்டிக்குள் மெதுவாகத்தான் தள்ள வேண்டும். அழுத்தினால் மருந்து உரசிப் பற்றிக்கொள்ளும். பதினாறு வருடம் பார்த்த வேலை. மறுநாள் அழுத்திவிட்டேன். கையிலேயே பற்றியது. ஈரச் சாக்கில் அமுக்கினேன். எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். அவள் ஓடவில்லை. தீ சுட்ட என் கையையே பார்த்தாள்.

"எங்கம்மாவும் இப்படித்தான் எங்களை மாதிரி ஆளுகளைப் பத்தித் தெருவுல நின்னு கத்துவா, அக்கா. வீட்டுக்குள்ள நான் இருந்தேன்" என்றாள்.

இவளுக்கு எப்படித் தெரிந்தது? யாரிடமாவது சொல்லிவிடுவாளோ? சாயந்திரம்வரை அதே பயம்.

கணக்குப்பிள்ளை வரிசையாகக் கேட்டு வந்தார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல நினைத்தேன். நேற்றுவரை கத்தியவள் ஏன் மாறினாள் என்று கேட்பார்களே. தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, ஒனக்கும் வேண்டாம்" என்று அடுத்தவளிடம் போய்விட்டார்.

நிப்பாட்டியதும் அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். என் வீட்டு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று வீட்டில் என்னால் சோறு பிசைய முடியவில்லை. ஒரு மாதமாக என்னோடு பேசாத பிள்ளை, பிசைந்து வாயில் வைத்தது. நான் அதை அடித்தது அந்தச் சுட்ட கையால்தான்.

புண் ஆறிவிட்டது. பிள்ளை என்னோடுதான் இருக்கிறது. அவள் எங்கே வேலை பார்க்கிறாளோ தெரியாது. இப்போது யாராவது திருநங்கைகளைப் பற்றி ஓங்கிக் கத்தினால், வீட்டுக்குள் யாரை நினைத்துப் பயப்படுகிறார்களோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.