எந்த வீட்டு ரத்தம்

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இறால் தொக்கு போட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், பாதியில் தட்டைத் தள்ளிவிட்டு உதட்டைப் போட்டுத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாய்ச் சிவந்தது. மூச்சில் விசில் சத்தம். ராயபுரத்திலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்ட பிறகுதான் முகம் பழையபடி ஆனது. இனிமேல் இறாலே கொடுக்கக் கூடாது என்று சொல்லி, அலர்ஜி பார்க்கும் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த இறாலைக் கொண்டுவந்தவர் என் கணவரின் அக்கா. காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. மறுநாளே அவரிடம் கேட்டேன்.

"அண்ணி, அது எப்போ புடிச்ச எறா? ஐஸ்ல மருந்து கிருந்து போட்டு வெச்சிருந்தாங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. "இன்னாமே பேசுற? அதே எறாவ நீயும் துன்ன, உன் புருசனும் துன்னான். உங்களுக்கு இன்னா ஆச்சி? எங்க வூட்ல தலமொற தலமொறயா துன்னுகினு கீறோம். உன் சைடுல விசாரி."

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியது. எர்ணாவூரில் வளர்ந்த எனக்குப் பத்தொன்பது வயதுவரை வீசிங் உண்டு. இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்கூடம் போனதில்லை. பெண் பார்க்க வந்த அன்று அம்மா அதை பீரோவில் வைத்துப் பூட்டினார். எல்லாம் மணலி ஆலைப் புகைக் காற்றுதான், வேறு இடம் போனால் நின்றுவிடும் என்றார். நின்றும் போனது. அதனால் புகுந்த வீட்டில் யாரிடமும் நான் மூச்சுவிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பள்ளி விடுமுறை நாளில் மகளை அண்ணி வீட்டில் விட்டுவிட்டு, வண்ணாரப்பேட்டையில் நான் வேலை செய்யும் துணிக்கடைக்குப் போனேன். மத்தியானம் அண்ணியிடமிருந்து போன் வந்தது, பிள்ளை விடாமல் இருமுகிறாள் என்று. போய்ப் பார்த்தால் கண் சிவந்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அடுப்பில் இறால் வெந்துகொண்டிருந்தது. பிள்ளையின் விரல்களை முகர்ந்து பார்த்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அண்ணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான் ஒண்ணுமே குடுக்கலமே."

"அத்த குடுக்கலம்மா" என்றாள் மகளும்.

சொல்லிக்கொடுத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். துளித் துளியாகக் கொடுத்தால் பழகிவிடும் என்று கணக்குப் போட்டிருப்பார். பிள்ளையை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அன்றோடு அண்ணி வீட்டில் விடுவதை நிறுத்தினேன்.

அலர்ஜி டாக்டர் ஓர் அம்மா. தோலில் குத்திப் பார்த்ததில் இறாலுக்கும் நண்டுக்கும் தோல் தடித்தது. அண்ணி வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

"சாப்பிட்டுத்தான் ஆகணும்னு இல்லம்மா. வேகும்போது வர்ற ஆவியே சில குழந்தைங்களுக்குப் போதும்" என்றார். பிறகு பேனாவை எடுத்தார். "ரெண்டு குடும்பத்துலயும் யாருக்காவது வீசிங், தோல் அரிப்பு, எந்த சாப்பாடாவது ஒத்துக்காம போறது, இப்படி ஏதாவது உண்டா?"

"எங்க வூட்ல யாருக்கும் இல்ல டாக்டர்" என்றார் கணவர், என்னைப் பார்த்தபடி.

"எங்க வீட்லயும் இல்ல" என்றேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நம்பவில்லை.

வீண்பழி போட்டது உறுத்தியது. மறுவாரம் அண்ணியைப் பார்க்க ஷெட்டுக்குப் போனேன். பின்பக்கம் குழாயடியில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த கைகளைப் பார்த்து நின்றுவிட்டேன். விரல்கள் வீங்கி, இடுக்கெல்லாம் வெடித்து, மணிக்கட்டுவரை சிவந்திருந்தன. என்னைக் கண்டதும் புடவைத் தலைப்புக்குள் மறைத்தார்.

"உப்புத் தண்ணிமே. வேற ஒண்ணுமில்ல."

"மத்தவங்க கையெல்லாம் நல்லாத்தான் இருக்குது அண்ணி."

குழாயை மூடிவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று ஷெட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எறாவ தொட்டா அரிக்கும். துன்னா தொண்டய அடைக்கும். வாயில வெச்சி வருசக்கணக்காச்சி. சொன்னா இங்க எவன் வேல குடுப்பான்?"

நினைத்துப் பார்த்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் பரிமாறியிருக்கிறார்! அவர் தட்டில் இறாலை நான் பார்த்ததே இல்லை. எல்லார் மேலும் சந்தேகப்பட்ட எனக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை.

"பின்ன ஏன் என் சைடுல விசாரின்னு சொன்னீங்க?"

"பயம்தாமே. புள்ள ஒதடு வீங்கறத பாத்தவொடனே தெரிஞ்சிச்சி. எங்க ரத்தம்னு."

அப்போதுதான் இன்ஹேலர் கதையைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஈரக் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அடுத்த முறை டாக்டரிடம் அண்ணியும் வந்தார். கணவர் முன்னாலேயே என் வீசிங்கையும் அண்ணியின் அரிப்பையும் சொன்னோம். டாக்டர் இரண்டையும் எழுதிக்கொண்டார். அத்தைக்கு ஆகாததுதான் தம்பி மகளுக்கும் ஆகாது என்று கோடு போட்ட மாதிரி வராதாம். அலர்ஜிக்கு ஆளாகும் உடல்வாகுதான் பரம்பரையாக வருமாம். அது ஒருவருக்கு மூச்சில் காட்டும், இன்னொருவருக்குத் தோலில், மற்றொருவருக்குச் சாப்பாட்டில்.

"அப்போ யாரு சைடு டாக்டர்?" என்றார் கணவர்.

"ரெண்டு சைடாவும் இருக்கலாம். மரபு மட்டுமே காரணம்னும் சொல்ல முடியாது. தெரிஞ்சி என்ன பண்ணப் போறீங்க? குழந்தைய பாருங்க."

இப்போது மகளுக்கு எட்டு வயது. மீன் சாப்பிடுகிறாள், அதில் ஒன்றும் ஆவதில்லை. இறாலும் நண்டும் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. உதடு வீங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிய தாள் பள்ளியில் ஒன்று, என் பையில் ஒன்று. அண்ணி இறால் உரிப்பதை விட்டுவிட்டு மீன் விற்கிறார். கை ஆறிவிட்டது.

என் கணவர்தான் ஆறவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கேட்பார், "இன்னும் வேற இன்னா மறச்சி வெச்சிக்கீற?" சிரித்துக்கொண்டுதான் கேட்பார். ஒன்றுமில்லை என்பேன். உண்மையிலேயே ஒன்றுமில்லை. ஆனாலும் நான் தலையைக் குனிந்து சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் பார்வை என் முகத்தைவிட்டு நகராது.