கேக் டப்பாவுக்குள் காண்டாக்டர்

நான் பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கரன்ட் சமாச்சாரத்தை இரும்புப் பெட்டிக்குள் வை, பெட்டிக்கு எர்த் கொடு என்று வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். லிங்கராஜபுரத்தில் என் சொந்த வீட்டில் முதல் பாதியை மட்டும் செய்தேன்.

மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கீழே சம்ப் மோட்டார் தானாக ஓட வேண்டும் என்று ஒரு ரிலேயும், மோட்டாருக்குக் கரன்ட்டைச் சேர்த்துத் துண்டிக்கும் காண்டாக்டரும் வாங்கினேன். பெட்டி வாங்க மறந்துவிட்டேன். மறுபடி கடைக்குப் போக சோம்பல். வீட்டில் கிறிஸ்மஸ் கேக் வந்த தகர டப்பா இருந்தது. எங்கள் தெருவில் யாரும் கேக் டப்பாவை எறிவதில்லை. முறுக்கு, பொத்தான், ஞானஸ்நான சர்டிபிகேட் எல்லாம் அதில்தான் இருக்கும். ஆணியால் ஓட்டை போட்டு, வயரை நுழைத்து, துவைக்கும் கல்லுக்கு மேலே சுவரில் மாட்டினேன். ஓட்டையின் விளிம்பு கத்தி போல இருந்தது. ரப்பர் வளையம் போடவில்லை. எர்த் வயரும் இழுக்கவில்லை.

காண்டாக்டர் சில நேரம் சரியாகப் பிடிக்காமல் கரகரவென்று இரையும். டப்பாவை ஒரு தட்டு தட்டினால் அடங்கும். அதை என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நானே.

மழைக்காலத்தில் ஒருநாள், "ஏங்க, டப்பா கடிக்குதுங்க" என்றாள்.

"கேக் டப்பா எப்படிக் கடிக்கும்?"

"நீங்க மாட்டினது கடிக்குது."

"செருப்பு போட்டுக்கிட்டுத் தட்டு" என்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வெறுங்காலோடு, ஈரக் கையால் தட்டிவிட்டாள். காண்டாக்டரின் அதிர்வில் வயரின் தோல் ஓட்டை விளிம்பில் உரசித் தேய்ந்து, டப்பா முழுக்கக் கரன்ட் ஏறியிருந்தது. ஷாக் உதறித் தள்ளியதால் பிழைத்தாள். விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்" என்றாள். நான் தலையாட்டினேன். ஷாக் அடித்தவருக்கு இதயத்தையும் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மகள் வந்து அவளைத்தான் திட்டினாள். "பாத்து நடக்க மாட்டியாம்மா? பாசி புடிச்ச எடத்துல என்ன அவசரம்?"

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அதையும் கேட்டுக்கொண்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. டப்பா, ஓட்டை, செருப்பு, எல்லாவற்றையும் மகளிடம் சொன்னேன்.

"அப்பா, நீங்க எலக்ட்ரிகல் வாத்தியார்தானே?"

"ஆமா."

உடனே ஆட்டோ பிடித்துப் போய் ஈசிஜி எடுத்தோம். கோளாறு ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் மனைவி மெல்லச் சொன்னாள்: "நீங்க சும்மா இருந்திருந்தா பொண்ணு மறந்திருப்பா. இனி தெனமும் போன் பண்ணுவா. நீங்களே பேசிக்குங்க."

காண்டாக்டரை முறையான இரும்புப் பெட்டிக்கு மாற்றி, எர்த் கொடுத்து, கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்சும் போட்டேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். பிறகு என் கையைப் பெட்டிமேல் வைத்தேன். சமையலறை வாசலில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் வைங்க" என்றாள்.