மெழுகுப் பல் டாக்டர்

பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே ஒருத்தி டாக்டராகிவிடுகிறாள். பாடம், பரீட்சை, பட்டம் எல்லாம் கல்லூரிக்காரர்களின் மனத் திருப்திக்கு. சொந்தபந்தத்துக்கு அவை தேவையில்லை. நம் மாணவியை அவள் பெரியம்மா விமான நிலையத்திலேயே “டாக்டரம்மா, பத்திரம்” என்று அனுப்பிவைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

டாக்டரம்மா முதலாம் ஆண்டு. அவள் கை பட்ட பற்கள் அத்தனையும் மெழுகு. சின்னக் கத்தியால் மெழுகுக் கட்டியைச் செதுக்கிக் கடைவாய்ப்பல் செய்ய வேண்டும். அவள் செய்ததை ஆசிரியர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்த மிருகத்தோடது?” என்று அக்கறையாகக் கேட்டார். பெரியம்மாவுக்கு இந்தச் செய்தி போகவில்லை.

பிறந்த ஊரிலும் கடல் இல்லை, படிக்கிற வெளிநாட்டு ஊரிலும் இல்லை. கடலை அவள் காலண்டரில்தான் பார்த்திருக்கிறாள். அதனால், பக்கத்து நாட்டில் படிக்கும் பள்ளித்தோழி நெட்டை, “சனி ஞாயிறு வந்துட்டுப் போடி. கடல் வீட்டுக்குப் பின்னாடிதான்” என்றதும் ரயிலேறிவிட்டாள். இந்தப் பாசம் ஏன் திடீரென்று பொங்கியது என்று யோசிக்கவில்லை.

வாசலில் செருப்புகள் கல்யாண வீடு போல் குவிந்து கிடந்தன. உள்ளே நாற்காலிகளில் வரிசையாக ஆட்கள். ஒருவர் கன்னத்தைத் துணியால் கட்டியிருந்தார்.

“யாருடி இவங்கல்லாம்?”

“அக்கம்பக்கத்துத் தமிழ் ஆளுங்க. பார்த்துட்டுப் போலாம்னு வந்திருக்காங்க.”

“என்னையா?”

“நீதான் அவங்களைப் பார்க்கணும். வாயை.”

“அடிப்பாவி, நான் முதல் வருஷம்டி. மெழுகைத் தவிர எதையும் தொட்டதில்ல.”

நெட்டை கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “பார்த்தீங்களாக்கா, எவ்வளவு அடக்கம்.”

வீட்டுக்கார அக்காவுக்கு அதுவே போதுமாயிருந்தது. “குளிர்ந்த தண்ணி பட்டா உயிர் போகுது கண்ணு. கொஞ்சம் பாரேன்.” துணி கட்டிய டாக்சிக்காரர் எப்போதோ வாயைத் திறந்துவிட்டார், மூடும் உத்தேசமில்லை.

நெட்டை போனில் விளக்கடிக்க, சனிக்கிழமை வாய் வாயாகக் கழிந்தது. டாக்டரம்மா “ம்” என்றால் நோய் பிடிபட்டதாகவும், “ம்ம்” என்றால் முற்றியதாகவும் கூடம் புரிந்துகொண்டது. ஜன்னலுக்கு வெளியே அலை சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. ஞாயிறு மதியம் ரயில். ஞாயிறு காலையும் அழைப்பு மணி அடித்தது. அடுத்த தெருக்காரர்கள், கூடவே நேற்றைய டாக்சிக்காரரும்.

டாக்டரம்மா தன் ஆசிரியரின் முகத்தை மாட்டிக்கொண்டாள். “இந்த வெளிச்சத்துல ஒண்ணும் சரியாத் தெரியல. சூரிய வெளிச்சம் வேணும். மரம், கட்டடம் எதுவும் மறைக்கக் கூடாது.”

டாக்சிக்காரர் வாயை மூடி யோசித்தார். “அப்படின்னா கடற்கரைதான் தங்கச்சி.”

“வேற வழியில்லைன்னா போவோம்ணே,” என்றாள் சலிப்பாக.

மணலில் எல்லோரையும் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினாள். வெயில் வாய்க்குள் விழுந்தது. வாய்க்குப் பின்னால் கடல், வானம் தொடும்வரை. ஒவ்வொருவரிடமும் வெகுநேரம் நின்றாள். “எவ்வளவு பொறுமையாப் பார்க்குது பொண்ணு,” என்றார் அக்கா. காலை நடைக்கு வந்த முன்பின் தெரியாத ஒருவர், இது ஏதோ புது உடற்பயிற்சி என்று வரிசைக் கடைசியில் வாயைத் திறந்து நின்றார்.

முடிவில் உள்ளதைச் சொன்னாள். “எனக்கு வைத்தியம் தெரியாது. உப்புத் தண்ணியில கொப்பளிச்சுட்டு, நாளைக்கே நிஜ டாக்டர்கிட்ட போங்க.”

டாக்சிக்காரர் திரும்பிக் கடலைப் பார்த்தார்.

“இந்தத் தண்ணி இல்லண்ணே,” என்றாள். அதில் முழங்கால்வரை இறங்கி நின்றது அவள்தான். ரயிலுக்கு நேரமாச்சு என்று நெட்டை கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் செருப்பிலிருந்து மணல் உதிர்ந்தது. அவள் செதுக்கிய பல்லை ஆசிரியர் வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். இம்முறை மிருகம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

“யாரோட பல் இது?”

“ஒரு டாக்சிக்காரரோடது சார்.”